குட்டி நாய் பல் பட்டதற்கெல்லாம் ஊசியா?

கேள்வி: 2025 ஆகஸ்ட் 12, இரவு 10.40

மூன்று வாரத்துக்கு முன்னால் தெருவில் கிடந்த நாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தோம். இன்று சாயங்காலம் விளையாடும்போது என் பெண்ணின் மணிக்கட்டில் அதன் பல் பட்டுவிட்டது. அவளுக்கு 9 வயது. ரத்தம் வரவில்லை, கோடு மாதிரி இருக்கிறது. அம்மா மஞ்சள் வைத்திருக்கிறார்கள். கொரோனா, எபோலா, நிபா என்று உலகமே பயப்பட எத்தனையோ வைரஸ் இருக்கும்போது, இந்தப் பழங்காலத்து நாய்க்கடி நோய்க்காகக் குழந்தையை ஐந்து தடவை ஆஸ்பத்திரிக்கு அலையவைக்க வேண்டுமா? குட்டிக்கு ரேபிஸ் வராது என்றும் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 12, இரவு 11.05

முதலில் மஞ்சளைக் கழுவுங்கள். காலையில் இல்லை, இப்போதே. தூங்கினாலும் எழுப்புங்கள். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். எந்த சோப்பானாலும் சரி. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதை உடைக்கும். அப்புறம் வீட்டில் டிங்சர் இருந்தால் போடுங்கள். கட்டுப் போடாதீர்கள்.

குட்டிக்கும் ரேபிஸ் வரும். மூன்று மாதம் ஆகாத குட்டிக்குத் தடுப்பூசியும் போட்டிருக்க மாட்டார்கள். காலையில் முதல் வேலையாக ஊசி. மற்றதை நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 13, காலை 6.30

நேற்று அவசரத்தில் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 19 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். திங்கட்கிழமை காலை எங்கள் வாசலில் நிற்கும் வரிசையில் பாதி நாய்க்கடிதான்.

பழங்காலத்து நோய் என்று எழுதியிருந்தீர்கள். நோய் பழையதுதான், போய்விடவில்லை. உலகம் முழுவதும் வருடத்துக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் பல வருடமாகச் சொல்லிவரும் மதிப்பீடு. இந்தியாவில் மட்டும் 20,000. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலா பரவியபோது இறந்தவர்கள் 11,300 பேருக்கு மேல். உலகமே நடுங்கியது, நடுங்க வேண்டியதுதான். அதே எண்ணிக்கையை ரேபிஸ் இரண்டரை மாதத்தில் எட்டுகிறது, ஒவ்வொரு வருடமும். இறப்பவர்களில் பத்துக்கு நாலு பேர் 15 வயதுக்குக் கீழே.

இன்னொன்று. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் மூலம் வருவது. அறிகுறி தெரிந்துவிட்டால் உயிர் பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் கடித்தவுடனே செய்ய வேண்டியதை முழுசாகச் செய்தால் அநேகமாக எல்லாரையும் காப்பாற்றிவிடலாம். இரண்டும் ஒரே நோயைப் பற்றிய உண்மை. இப்படி இன்னொரு வைரஸ் எனக்குத் தெரியாது. எபோலா வந்தபோது கையில் தடுப்பூசி இல்லை. இதற்கு 140 வருடமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, இரவு 9.15

முதல் ஊசி போட்டாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். மனசு லேசானது.

இரண்டு கையிலும் மேலே ஒவ்வொன்று போட்டார்களா? ஒவ்வொன்றும் 0.1 மில்லி, தோலுக்குள். போட்ட இடத்தில் கொசு கடித்தால் தடிக்குமே, அது மாதிரி ஒரு சின்ன மேடு எழும்ப வேண்டும். எழும்பினால் சரியாகப் போட்டிருக்கிறார்கள். எழும்பவில்லை என்றால் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம், மறுபடி போட வேண்டும். அடுத்த தடவை நீங்களே பாருங்கள்.

நீங்கள் கேட்ட ஐந்து தடவை தசையில் போடும் முறைக்கு. முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்தால், நாள் கணக்கு: 0, 3, 7, 14, 28. அரசு நிலையங்களில் போடும் தோல் ஊசிக்கு நாலு தடவைதான்: 0, 3, 7, 28. உங்களுக்கு 13, 16, 20, அப்புறம் செப்டம்பர் 10.

தோலுக்குள் போட்டால் ஒரே குப்பியை நாலைந்து பேருக்குப் போடலாம். ஏழை நாடுகளுக்கு இந்த முறை பெரிய வரம், தாய்லாந்தில் ஆரம்பித்தது. ஆனால் ஒரு சிக்கல். மருந்தைக் கலக்கிவிட்டால் அன்றைக்கே தீர்க்க வேண்டும். அதனால் சில இடங்களில் "நாலு பேர் சேரட்டும், நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பல வருடம் முன்னால் நானும் ஒரு அம்மாவை அப்படி அனுப்பினேன். கூலி வேலைக்காரர், மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாள் சுகாதாரச் செவிலியர் அக்கா வீடு தேடிப் போய் அழைத்து வந்தார். அந்த அம்மா நன்றாக இருக்கிறார். அன்றிலிருந்து ஒரே ஆள் வந்தாலும் குப்பியை உடைத்துவிடுகிறேன். மிச்சம் வீணாகிறது என்று கணக்குக் கேட்டால் எழுதிக்கொடுக்கிறேன்.

ஆகஸ்ட் 14, காலை 7.50

பெண் இப்போது சொல்கிறாளா, லேசாக ரத்தப் பொட்டு வந்தது, பாட்டி திட்டுவார் என்று பாவாடையில் துடைத்துவிட்டேன் என்று? அப்படியானால் ஊசி மட்டும் போதாது. சீரம் போட வேண்டும். இன்றைக்கே மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பள்ளிக்கு லீவு போடுங்கள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தோல் கிழியாமல் நக்கினால் கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல் என்றால் தடுப்பூசி. ரத்தம் எட்டிப்பார்த்தாலே, ஒரு பொட்டானாலும், தடுப்பூசியும் சீரமும். தடுப்பூசி உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் மாதிரி. பாடம் ஏற ஏழு முதல் பதினாலு நாள் ஆகும். அதுவரை வைரஸ் கை கட்டி நிற்காது. சீரத்தில் இருப்பது தயாராகச் செய்த எதிர்ப்புப் பொருள். காயத்துக்குள்ளேயும் சுற்றியும் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு செலுத்துவார்கள். மணிக்கட்டில் சதை இல்லை, வலிக்கும். பிடித்துக்கொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் குதிரையிலிருந்து எடுத்த சீரம்: கிலோவுக்கு 40 யூனிட். முதல் ஊசி போட்டு ஏழு நாளுக்குள் போட்டால்தான் பயன், அதற்கு மேல் போடக் கூடாது.

இந்த வைரஸ் ரத்தத்தில் ஓடுவதில்லை. தசையில் கொஞ்ச நாள் தங்கி, நரம்பைப் பிடித்து, அதன் வழியே மெல்ல மூளைக்கு ஏறுகிறது. காலில் கடித்தால் பாதை நீளம். கை, முகம், தலை என்றால் குறுக்குவழி. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் அறிகுறி தெரியும். அந்த இடைவெளி இருப்பதால்தான் கடித்த பிறகு போடும் ஊசியால் பிழைக்க முடிகிறது. போலியோ மாதிரியான தடுப்பூசிகள் நோய் வருவதற்கு முன்னால் போட வேண்டியவை. இதில் எதிரி வீட்டுக்குள் வந்த பிறகும் வாசலைச் சாத்தலாம்.

ஆகஸ்ட் 14, இரவு 11.30

சீரம் போட்டாயிற்று என்று செய்தி வந்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று நாள் பூரா யோசித்தேன். எழுதுகிறேன். குழந்தை பக்கத்தில் இருந்தால் அப்புறம் படியுங்கள்.

1999. டிப்ளமோ முடித்து ஒரு பெரிய மருத்துவமனையில் பயிற்சி. தொற்றுநோய்ப் பிரிவின் கடைசி அறைக்கு மருந்து கொண்டுபோகச் சொன்னார்கள். ஜன்னலில் போர்வை தொங்கவிட்டிருந்தது. மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது. கட்டிலில் பதினோரு வயதுப் பையன். நான் எதிர்பார்த்தது மயங்கிக் கிடக்கும் ஒருவனை. அவனோ தெளிவாகப் பேசினான். என் பெயரைக் கேட்டான். "தாகமா இருக்கு, தண்ணி குடுங்க" என்றான். அவன் அம்மா எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிட்டே போனார். டம்ளர் அவன் முகத்துக்கு ஒரு முழம் இருக்கும்போதே கழுத்து நரம்புகள் கயிறு மாதிரி இழுத்தன. மூச்சு அடைத்தது. டம்ளர் கீழே விழுந்து உருண்டது. அடங்கியதும் அவன் சொன்னான், "நான் குடிக்கத்தாம்மா பாக்குறேன்."

நாய் மாதிரி குரைத்துச் சாவார்கள் என்று ஊரில் சொல்வது பொய். தொண்டை இழுத்துக்கொள்ளும்போது வரும் சத்தம் அது. தண்ணீரைக் கண்டு பயம் என்பதும் வெறும் பயம் இல்லை. தாகம் இருக்கிறது, ஆசை இருக்கிறது, தொண்டை விடுவதில்லை. விசிறிக் காற்று பட்டாலும் அப்படித்தான் இழுக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்டிருந்த நாயைப் பார்க்கப் போயிருக்கிறான். குட்டிதான் கடித்தது, குதிகாலில். அங்கே போகாதே என்று சொல்லியிருந்ததால் வீட்டில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இறந்துவிட்டான். உங்கள் பெண் இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள். பாட்டியிடமும் சொல்லிவையுங்கள்.

ஆகஸ்ட் 15, காலை 10.20

இன்று விடுமுறை. கொஞ்சம் விரிவாக.

நானும் கடிபட்டவன்தான். 1986, எனக்கு ஏழு வயது. பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமம். பஞ்சாயத்து போர்டு பக்கத்தில் திரிந்த செவலை நாய் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. அப்பாயி சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் குழைத்து வைத்தார். பாசத்தில் செய்ததுதான், ஆனால் அது புண்ணை எரித்து வைரஸை உள்ளேதான் தள்ளும். அப்புறம் அப்பா தினமும் என்னை டவுன் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். தொப்புளைச் சுற்றி 16 ஊசி. இன்றைக்குக் குத்திய இடம் இது, நாளைக்கு இந்தப் பக்கம் என்று கம்பவுண்டர் விரலால் வட்டம் போட்டுக் காட்டுவார். பஸ்ஸில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவேன். அப்பாவுக்கு அத்தனை நாள் கூலி போனது.

அந்த மருந்து என்ன என்று வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் கொன்று தயாரித்தது. கசௌலியில் 1911-ல் டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் உருவாக்கியது. மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு ஊசியாலேயே வாதம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1984-லேயே கைவிடச் சொன்னது. இந்தியாவில் 2004 கடைசியில்தான் தயாரிப்பு நின்றது. இருபது வருடம்! அந்தப் பயம் தலைமுறை தாண்டி நிற்கிறது. இன்றும் வரிசையில் நிற்கும் பாட்டிகள் "வயித்துல போடுவீங்களா சார்" என்று கேட்கிறார்கள். அந்தப் பயத்தால் வராமல் போனவர்கள் எத்தனை பேரோ.

எங்களுக்கு வந்த மருந்து குன்னூரிலிருந்து வந்தது என்று கம்பவுண்டர் அப்பாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கியது. அதற்கு முன் தென்னிந்தியாவில் கடிபட்டால் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குத்தான் போக வேண்டும். ரயிலில் அத்தனை தூரம் போவதற்குள் நாள் போய்விடும். பின்னாளில் ஆட்டு மூளையை விட்டுவிட்டு, செல்களில் வளர்க்கும் தடுப்பூசியைக் குன்னூரும் உருவாக்கியது.

இந்தத் தடுப்பூசியைக் கண்டுபிடித்த லூயி பாஸ்டர் முதல் ஊசி போட்டது 1885 ஜூலை 6-ல், பாரிஸில். ஜோசப் மைஸ்டர் என்ற பையன். அவனுக்கும் 9 வயதுதான், உங்கள் பெண்ணின் வயது. பிழைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 15, மாலை 6.00

அம்மாவிடம் போனில் கேட்டேன். 16 இல்லை, 14. "பதினாலு நாள் நானும் கூட வந்தேன், உனக்கு எப்படி மறக்கும்" என்றார். அப்பா மட்டும் கூட்டிப்போனதாகத்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இரண்டையும் திருத்திக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 17, இரவு 10.10

13-ஆம் தேதி எழுதிய எண்ணிக்கையையும் திருத்த வேண்டும். இந்தியாவில் 20,000 என்பது பழைய மதிப்பீடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வு இப்போது வருடத்துக்குச் சுமார் 5,700 என்கிறது. அந்த அளவு இந்தியக் கணக்கு இறங்கினால் உலகக் கணக்கும் இறங்கும். எபோலாவுக்குச் சொன்ன இரண்டரை மாதத்தை மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்கு: 2024-ல் நாய்க்கடி 37 லட்சத்துக்கு மேல், ரேபிஸ் என்று சந்தேகிக்கப்பட்ட மரணம் 54. ஐம்பத்து நாலுக்கும் ஐயாயிரத்து எழுநூறுக்கும் நடுவே எவ்வளவு பேர் கணக்கில் வராமல் போகிறார்கள் பாருங்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. பிழைக்க மாட்டான், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்தால் காய்ச்சல் என்றோ வலிப்பு என்றோ பதிவாகும். மூளைத் திசுவைச் சோதிக்க வசதியுள்ள இடங்கள் குறைவு, உறவினர் சம்மதிப்பதும் குறைவு. ஆப்பிரிக்காவில் இன்னும் மோசம். மலேரியா மூளைக்காய்ச்சல் என்று கணக்கில் சேர்ந்த குழந்தைகளில் சிலருக்கு ரேபிஸ் இருந்ததை மலாவியில் கண்டுபிடித்தார்கள். கணக்கில் வராத நோய்க்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள். பணம் ஒதுக்காத நோய் கணக்கிலும் வராது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அந்த ஆய்விலேயே இன்னொரு செய்தி: கடிபட்டவர்களில் ஐந்தில் ஒருவர் ஒரு ஊசிகூடப் போடவில்லை.

ஆகஸ்ட் 20, இரவு 9.40

மூன்றாவது தடவையும் முடிந்ததா, நல்லது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: கேரளத்தில் 2022-ல் ஒரு சிறுமி மூன்று ஊசி போட்டும் இறந்தாளே, அப்புறம் ஊசியை எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. எங்கள் வரிசையிலும் கேட்கிறார்கள். அந்த மருந்தைச் சோதித்ததில் தரக்குறைவு இல்லை என்றுதான் முடிவு வந்தது. அவளுக்குக் கடி கண் பக்கத்தில். முகத்தில் நரம்பு அடர்த்தி, மூளை அருகில். பாடம் ஏறுவதற்குள் வைரஸ் போய்ச் சேர்ந்துவிடும். இப்படிப்பட்ட கடியில் முதல் ஒரு மணி நேரம்தான் எல்லாம்: உடனே கழுவுவது, ஒவ்வொரு பல் தடத்துக்குள்ளும் சீரம் போவது. தலைமுடிக்குள் ஒரு சின்னத் தடம் கண்ணில் படாமல் போனாலும் போதும். அதனால் குழந்தைகளுக்குத் தலையில், முகத்தில் கடி என்றால் முடியை விலக்கி, விளக்கடித்து, ஒவ்வொரு அங்குலமாகப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரம் போக்காமல் சீரம் உள்ள இடத்துக்கு நேராகப் போங்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தடுப்பூசி கிராமம் வரை வந்துவிட்டது. சீரம் வரவில்லை. எங்கள் நிலையத்திலிருந்து சீரம் உள்ள ஆஸ்பத்திரிக்கு 38 கிலோமீட்டர். ஊசி போட்டாச்சு என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவரிடம், இன்னும் 38 கிலோமீட்டர் போங்கள் என்று சொன்னால் பாதிப்பேர் போவதில்லை. சீட்டு எழுதிக்கொடுத்து, பஸ் நேரம் சொல்லி, சாயங்காலம் போன் போட்டுக் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 22, இரவு 10.55

உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். 11-ஆம் தேதி டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். இன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்லியிருக்கிறது. வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு.

நாய் பக்கமா மனிதர் பக்கமா என்று சண்டை போடுகிறார்கள். நான் கடிபட்டவர்கள் பக்கம் நின்று 19 வருடம் ஆயிற்று. நாயைக் கொன்றால் தீரும் என்றால் நானும் கேட்டிருப்பேன். தீரவில்லை. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுக்கு 1997-ல் மீனவர்களுடன் வந்த நாய்கள் மூலம் ரேபிஸ் வந்தது. தீவின் நாய்களில் பாதியைக் கொன்றார்கள். நோய் நிற்கவில்லை. 2008-ல் பாலிக்கு வந்தது, அங்கேயும் முதலில் கொன்றார்கள், பரவியது. 2010-ல் தீவு முழுக்க நாய்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்த பிறகுதான் மரணம் குறைந்தது. காரணம் நம் தெருவிலேயே தெரியும்: ஒரு நாயை அகற்றினால் அந்தக் குப்பைத்தொட்டிக்கு மூன்று மாதத்தில் புதுக் குட்டிகள் வந்துவிடும், ஒன்றுக்கும் ஊசி போட்டிருக்காது. ஊசி போட்ட நாய் அங்கே இருந்தால் அதுவே வேலி.

நாய்களில் 70 சதவீதத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஊசி போட்டால் நாய்களுக்குள் சங்கிலி அறுந்துவிடும். மெக்சிகோ இப்படித்தான் செய்தது. நாய் வழி ரேபிஸை மனிதரிடமிருந்து ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் முதன்முதலாகச் சான்று கொடுத்தது மெக்சிகோவுக்குத்தான். இலங்கையில் 1970-களில் வருடம் 300 பேருக்கு மேல் இறந்தார்கள், இப்போது சில பத்துப் பேர். கோவாவில் வலையோடு தெருத் தெருவாகப் போய் ஊசி போட்டார்கள். 2021-ல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலம் என்று அறிவித்தார்கள்.

என் மைத்துனர் கால்நடைத் துறையில் இருக்கிறார். அவரிடம் 70 சதவீதம் என்றேன். "மொத்தம் எத்தனை நாய்னு முதல்ல எண்ணிச் சொல்லுங்க மாமா" என்றார். அவர் சொன்னதும் சரிதான். எண்ணிக்கை தெரியாமல் சதவீதம் எங்கிருந்து வரும்.

ஆகஸ்ட் 23, காலை 7.15

குட்டி பத்து நாள் தாண்டி நன்றாக ஓடி விளையாடுகிறது, மிச்ச ஊசியை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தோஷமான செய்தி. கடித்தபோது எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் பத்து நாளுக்குள் நாய் இறந்திருக்கும்.

நிறுத்தலாம் என்று எழுத ஆரம்பித்தேன். மறுபடி வழிகாட்டு நெறியை எடுத்துப் பார்த்தேன். தோலுக்குள் போடும் முறையில் நாய் உயிரோடு இருந்தாலும் 28-ஆம் நாள் ஊசி வரை முடிக்கச் சொல்கிறது. அது வீண் இல்லை. நாய் வளர்க்கும் வீட்டுக் குழந்தைக்கு அதுவே முன்கூட்டிய பாதுகாப்பு. செப்டம்பர் 10-ஐக் காலண்டரில் வட்டம் போடுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் அதற்கும் ஊசி, அப்புறம் வருடா வருடம்.

செப்டம்பர் 10, இரவு 8.30

முடிந்தது என்று படம் அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டு தோளிலும் மேடு தெரிகிறது. சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள், ஒரு நகல் போனிலும் இருக்கட்டும். இனி எப்போதாவது கடித்தால் சீரம் வேண்டாம், 0, 3 என்று இரண்டே தடவை போதும். கழுவுவது மட்டும் அப்போதும் அதே 15 நிமிடம்.

குட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?